குதிகால் படாத வீடு

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்து எட்டு மணிக்குப் படுத்தேன். பன்னிரண்டேகாலுக்கு அலாரம். பிரியாவைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போனால், வாசலில் எல்லார் கையிலும் ஒரு தாளைக் கொடுக்கிறார்கள். மைதானத்தில் புதுக் கட்டடத்துக்குக் குழி வெட்டிவிட்டார்களாம். அதனால் யூகேஜி பிள்ளைகளுக்கு இந்த வருஷம் பி.டி. வகுப்பு அவரவர் வீட்டிலேயே. தினமும் பதினைந்து நிமிஷம். கோட்டைத் தாண்டிக் குதிப்பது, ஒற்றைக்காலில் நிற்பது, வாளிக்குள் பந்து எறிவது, தவளை, நண்டு, கரடி மாதிரி நடப்பது என்று ஒரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு கட்டம். செய்தால் டிக் போட வேண்டும். சனிக்கிழமை வீடியோ எடுத்து வாட்ஸாப் குரூப்பில் போட வேண்டும்.

சாயங்காலம் மாதேவி கார்மென்ட்ஸ் வேலையிலிருந்து வந்ததும் தாளைக் காட்டினேன். "பகல்ல வூட்ல இருக்கறது நீங்கதான? நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வெங்காயம் அரியப் போய்விட்டாள். பகலில் வீட்டில் இருக்கிறேன், வாஸ்தவம். தூங்கிக்கொண்டு இருக்கிறேன். காலையில் நாலு மணி நேரம், பிரியாவுக்குச் சோறு போட்டுவிட்டு மறுபடி ஒன்றரையிலிருந்து ஐந்து வரைக்கும். நைட் ஷிஃப்ட் வாங்கி மூன்று வருஷமாக இதே கதைதான். மத்தியானம் முழுக்க அவள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருப்பாள், ஒரு தொந்தரவு கிடையாது. இப்ப இவளைக் குதிக்க வைக்க நான் எந்திரிக்கணுமாம்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

ஐந்து மணிக்கு ஆரம்பித்தோம். காலுறையைச் சுருட்டிப் பந்தாக்கி வாளியில் எறியச் சொன்னேன். பத்துக்கு எட்டு விழுந்தது. நான் எறிந்தேன், நாலுதான். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னால் நான் நூறு எண்ணி முடிக்கிற வரை அசையாமல் நிற்கிறாள். என் மகளுக்கு விளையாட்டு வரும் போலிருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு குஷி.

அப்புறம் சாக்பீஸால் கோடு போட்டேன். "குதி சாமி" என்றேன். கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள், பிறகு இன்னொன்றை வைத்தாள். "இது தாண்டறது கண்ணு. ரெண்டு காலும் சேந்து குதிக்கணும்." மறுபடி அதேதான். சரி, நானே குதித்துக் காட்டலாம் என்று எழுந்தால், என் லுங்கியைப் பிடித்து இழுத்து "பேடா அப்பா" என்கிறாள். மைசூர்ப் பள்ளிக்கூடத்துக் கன்னடம், வேண்டாமாம். ஏன் வேண்டாம்? சொல்ல மாட்டேங்குறா.

6 ஆகஸ்ட், புதன்

இன்றைக்கும் குதிக்கவில்லை. டிக் மட்டும் போட்டுவிட்டேன்.

9 ஆகஸ்ட், சனி

வீடியோ எடுத்தாயிற்று. மாதேவி ரெட்டைச் சடை போட்டு மஞ்சள் ரிப்பன் கட்டி, கல்யாண வீட்டுக்குக் கிளப்புகிற மாதிரி அவளைக் கிளப்பினாள். வாளியில் எறிந்தது, நண்டு நடை, கோட்டைத் தாண்டினது எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிஷம். குரூப்பில் நாலு பேர் கட்டைவிரல் போட்டார்கள்.

அரை மணியில் பி.டி. வாத்தியார் பசவராஜ் போன் செய்தார். கன்னடத்தில்தான் பேசினார். "உங்க மக நடக்கும்போது குதிகால் தரையில படவே இல்லையே, எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார். இல்லை சார், நன்றாகத்தான் நடப்பாள் என்றேன். "வகுப்புல ஷூ போட்டிருந்ததால எனக்கும் சரியாத் தெரியல. கொஞ்சம் கவனிங்க" என்றார்.

வீடியோவைப் பதினொரு தடவை பார்த்தேன். வாத்தியார் சொன்னது நிஜம். முன்பாதத்திலேயே நடக்கிறாள், முன்பாதத்திலேயே நிற்கிறாள். அஞ்சரை வருஷமா நான் என்னத்தைப் பாத்துட்டு இருந்தேன்? பைக்கில் ஏற்றுகிறேன், இறக்குகிறேன், சோறு போடுகிறேன். காலைப் பார்க்கவே இல்லையா?

10 ஆகஸ்ட், ஞாயிறு

எங்கள் கம்பெனியில் ஒரு டயர் தரையில் எவ்வளவு படுகிறது என்று பார்க்க, மை தடவி அட்டையில் அழுத்தி எடுப்போம். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். தட்டில் சொட்டுநீலம் கரைத்து, கூடத்தில் பேப்பர் விரித்து, பிரியாவை நடக்க விட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். பேப்பர் முழுக்க அஞ்சஞ்சு விரலும் முன்பாதமும். குதிகால் ஒன்றுகூட இல்லை.

நான் நடந்தேன். அண்டா கவிழ்த்த மாதிரி முழுப் பாதம் விழுந்தது. மாதேவியையும் நடக்கச் சொன்னேன். "உங்களுக்கு வேற வேலயில்ல" என்று முனகிக்கொண்டே நடந்தாள். அவளுடையதும் முன்பக்கம் அழுத்தமாக, குதிகால் லேசாக, பட்டும் படாமலும். அப்படியானால் இது அவள் வீட்டு வாகா? அவள் அண்ணனும் இப்படியா நடக்கிறார்? அவர் நடந்தால் மாடு பயப்படும். ஒன்றும் புரியவில்லை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

டீ நேரத்தில் கம்பெனியில் ஆளுக்கொரு காரணம். வாக்கரில் போட்டு நடக்கப் பழக்கினீங்களா, அதுதான் காரணம் என்கிறான் ஒருத்தன். நாங்கள் வாக்கரே வாங்கவில்லை. நரம்பு என்கிறான் இன்னொருத்தன். வெயிலில் விடுவதில்லை, அதனால் என்கிறார் சூப்பர்வைசர்.

வீட்டுக்கு வந்து மாதேவியிடம் கேட்டேன், எப்போதிருந்து இப்படி நடக்கிறாள் என்று.

"கொஞ்ச நாளாத்தான்."

"கொஞ்ச நாளுன்னா?"

"இருக்கும், ரெண்டு மூணு வருஷம்."

இதற்குப் பேர் கொஞ்ச நாளா? டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

14 ஆகஸ்ட், வியாழன்

பட்டியலில் பெங்குயின் நடை என்று ஒன்று இருக்கிறது. விரல்களைத் தூக்கிக் குதிகாலால் மட்டும் நடக்க வேண்டும். பிரியா இரண்டு அடி வைத்துப் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், நானும் சிரித்தேன். மூன்றாவது தடவை விழுந்ததும் சிரிப்பு நின்றது. "ஸாக்கப்பா" என்று போய்விட்டாள். போதுமாம்.

பாத்ரூமில்கூட அவளால் பாதம் ஊன்றிக் குந்த முடியவில்லை. விரலில் நின்று குழாயைப் பிடித்துக்கொள்கிறாள். இத்தனை நாள் அதைக் குழாயோடு விளையாடுகிறாள் என்று திட்டியிருக்கிறேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

காரணம் கண்டுபிடித்துவிட்டேன்.

பிரியா குதிக்க மாட்டேன் என்றதால், அவள் தடுக்கத் தடுக்க நானே மூன்று தடவை கூடத்தில் குதித்துக் காட்டினேன். மூன்றாவதில் கீழேயிருந்து குரல். "மகேந்திரா, ஏனாய்த்து?" வீட்டுக்காரம்மா கௌரம்மா. நாங்கள் மாடி, அவர் கீழே. என்ன ஆயிற்று என்றுதான் கேட்டார். ஆனால் பிரியாவைப் பார்க்க வேண்டுமே. முகம் வெளுத்து, படுக்கையறைக்குள் ஓடி, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஓடினாள் என்று எழுதிவிட்டேன், ஆனால் ஒரு சத்தம் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாதேவி "மெல்ல, மெல்ல" என்று பிள்ளையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கீழே இருக்கிற மகராசிக்குச் சத்தம் கேட்கக் கூடாது, அதற்கு என் மகள் பூனை நடை நடக்க வேண்டும். வாடகை கொடுக்கிறேன், சும்மாவா இருக்கிறேன்?

18 ஆகஸ்ட், திங்கள்

போய்க் கேட்டேவிட்டேன். கௌரம்மா முன்னறையில் பலகை போட்டு ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தார். புருஷன் போன பிறகு அதுதான் அவர் வேலை. நான் நின்றபடியே ஆரம்பித்தேன். உங்களுக்குப் பயந்துதான் என் மகள் குதிகால் ஊன்றாமல் நடக்கிறாள், வாத்தியாரே சொல்லிவிட்டார், ஒரு குழந்தை குதித்தால் உங்கள் கூரையா விழுந்துவிடும் என்று என்னென்னவோ பேசினேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "நான் என்னிக்காவது மாடியேறி வந்து சத்தம் போடாதேன்னு சொன்னேனா? ஒரு தடவை சொல்லு."

யோசித்தேன். ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை.

"மேல குழந்தை இருக்குதான்னு எனக்கே சில நாள் சந்தேகம் வரும். நேத்து சத்தம் கேட்டதும் யாரோ விழுந்துட்டீங்கன்னு பதறிப்போய்க் கேட்டேன், மகேந்திரா" என்றார். திரும்பி உருட்ட ஆரம்பித்துவிட்டார்.  ஏறி வந்துவிட்டேன்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் மாதேவியிடம் கேட்டேன். அந்தம்மா ஒன்றுமே சொல்லாதபோது நீ ஏன் பிள்ளையை மெல்ல மெல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தாய்? "கீழ இருக்கறவங்க சொன்னாங்கன்னு நான் எப்பங்க சொன்னேன்?" என்றாள். அப்படியென்றால் யார் சொன்னது? "விடுங்க. நேரமாச்சு, சாப்புட்டுப் படுங்க."

படுத்தேன். தூக்கம் வந்தால்தானே. இந்த வீட்டில் எல்லாருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை.

30 ஆகஸ்ட், சனி

எலும்பு டாக்டரிடம் காட்டினோம். நடக்க விட்டுப் பார்த்தார், முட்டியில் தட்டிப் பார்த்தார், பாதத்தை மேல்பக்கமாக வளைத்துப் பார்த்தார். கொஞ்சதூரம்தான் வளைகிறது, அதற்குமேல் போனால் பிரியா கத்துகிறாள். நரம்பில் கோளாறு ஒன்றும் தெரியவில்லையாம். கெண்டைக்கால் சதை இறுகிப்போயிருக்கிறது, இரண்டு காலிலும், வலதில் கூடுதல். மூன்று மாதம் தினமும் காலை நீட்டிவிட வேண்டும். குதித்து, ஓடி, குந்தி விளையாட வேண்டும். நவம்பர் கடைசியில் மறுபடி வர வேண்டும். தளரவில்லை என்றால் மாவுக்கட்டு. அதிலும் சரியாகவில்லை என்றால் ஆபரேஷன் பற்றி யோசிக்க வேண்டும். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். 

எதனால் என்று கேட்டேன். "சில குழந்தைங்களுக்குக் காரணமே தெரியாது. பழக்கமாவும் இருக்கலாம். வீட்டுல அவ இப்படி நடக்கிறதுக்கு ஏதாவது காரணம் இருக்கா?" என்று திருப்பிக் கேட்டார். இல்லை என்றேன். மாதேவி தரையைப் பார்த்தபடி நின்றாள்.

7 செப்டம்பர், ஞாயிறு

இப்போது வீடே ஜிம் மாதிரி ஆகிவிட்டது. சுவரில் கை வைத்து ஒரு காலைப் பின்னால் நீட்டி நிற்கிறோம். பழைய பலகையைச் செங்கல்லில் சாய்த்துவைத்து, அதன்மேல் நின்று பல் தேய்க்கிறாள். தலையணை மேல் நடக்கிறாள். கரடி நடையில் நானும் அவளும் சமையலறை வரைக்கும் பந்தயம், எப்போதும் அவள்தான் ஜெயிக்கிறாள். பசவராஜ் சார் அவராகவே நாலு புது விளையாட்டு எழுதி அனுப்பினார், நல்ல மனுஷன்.

அவள் செய்யச் சொன்னால் செய்கிறாள். குதிகாலை ஊன்று என்றால் ஊன்றுகிறாள். பதினைந்து நிமிஷம் முடிந்து "சரி, போ" என்றதும் மறுபடி விரலில் ஏறிவிடுகிறாள். இந்தப் பதினைந்து நிமிஷத்தை மீதி நாள் அப்படியே சாப்பிட்டுவிடுகிறது. எது அவளை ஏற்றுகிறது?

12 செப்டம்பர், வெள்ளி

ஒரு மாற்றமும் இல்லை.

28 செப்டம்பர், ஞாயிறு. மார்டள்ளி

தசரா லீவுக்கு மாதேவியின் அண்ணன் கரியப்பன் வீட்டுக்கு வந்திருக்கிறோம். எனக்கு மூன்று நாள்தான் லீவு. கொள்ளேகாலில் பஸ் மாறி, ஹனூர் வழியாக வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது.

வாசலுக்கு முன்னால் பெரிய களம். மக்காச்சோளம் காயப்போட்டது போக மீதி இடத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகல். டிராக்டர் சத்தம், ரேடியோ சத்தம், மச்சான் யாரையோ போனில் திட்டுகிற சத்தம். பிரியா ஓரத்தில் நின்றாள், விரலில்தான். "போ சாமி, நீயும் போயி ஓடு" என்றேன். நகரவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு சன்னலாகப் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக் குனிய வைத்து, காதில் கேட்டாள்.

"அப்பா, இங்க யாரு தூங்குறாங்க?"

"யாரும் தூங்கல கண்ணு. மத்தியானத்துல யாரு தூங்குவா?"

"நீ?"

"நான் முழிச்சுட்டுத்தான இருக்கறேன்."

"எப்பத் தூங்குவே?"

ராத்திரிக்குத்தான் என்றேன்.  அவள் களத்துக்குள் மெதுவாக நடந்து போனாள். மண் தரை. அங்கேயும் விரல் தடம்தான் விழுந்தது.

29 செப்டம்பர், திங்கள். மார்டள்ளி

பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் வைத்து மாதேவியைக் கேட்டேன். இனி மறைக்காதே என்றேன். துவைத்துக்கொண்டே சொன்னாள்.  அவள் சொன்னது சொன்னபடியே எழுதுகிறேன்.

"நைட்டு ஷிஃப்ட்டு ஆரம்பிச்ச புதுசு. பாப்பாவுக்கு ரெண்டே கால் வயசு. கொலுசு போட்டுட்டுக் கூடத்துல ஓடிட்டு இருந்தா. நீங்க எந்திரிச்சு வந்து கையில கெடச்ச சொம்பத் தூக்கி எறிஞ்சீங்க. செவுத்துல பட்டு அவ காலுகிட்ட விழுந்துச்சு. அழுவவே இல்லீங்க அவ. வாயப் பொத்திட்டு நின்னா. நீங்க போயிப் படுத்துட்டீங்க. நான் கொலுசக் கழட்டி வெச்சேன். அன்னைலிருந்து பூனை வெளயாட்டுன்னு சொல்லிக் குடுத்தேன். சத்தம் வராம நடந்தா பூனை ஜெயிச்சுது. நானுந்தான் கூட நடந்தேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"என்னத்தச் சொல்றது? ராத்திரி பூரா மிஷின்கிட்ட நிக்கற மனுசன். தூக்கங் கெட்டுப் போயி கைய கிய்ய விட்டுட்டா நாங்க என்ன பண்றது?"

எனக்கு அந்தச் சொம்பு ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. எறிந்திருக்க மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. நான் அப்படிப்பட்டவனா? குடிக்க மாட்டேன், யார்மேலும் கைநீட்ட மாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேனே. மூணு வருஷம். என் வூட்ல ரெண்டு பேரு எனக்குப் பயந்து விரல்ல நடந்துருக்காங்க, நான் கொறட்ட விட்டுட்டு இருந்துருக்கேன்.

4 அக்டோபர், சனி

மைசூர் வந்ததும் பழைய டைரிகளைத் தேடினேன். 2022-ஆம் வருஷத்து டைரி அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடைத்தது. ஜூன் 8: "தூக்கம் இல்லை. தலைவலி." அவ்வளவுதான். ஜூன் 9: "நைட் பழகிவிட்டது. வீடு அமைதியாக இருக்கிறது. நன்றாகத் தூங்கினேன்."

என் கையெழுத்துதான்.

6 அக்டோபர், திங்கள்

சூப்பர்வைசரிடம் பகல் ஷிஃப்ட் கேட்டேன். மார்ச் வரைக்கும் ஆள் மாற்ற முடியாது என்றார். கிடைத்தாலும் என்ன செய்வது? மாதேவி போன வருஷம் கார்மென்ட்ஸ் சேர்ந்ததே நான் பகலில் வீட்டில் இருப்பேன் என்ற தைரியத்தில்தான். இரண்டு பேரும் பகலில் போய்விட்டால் பிரியாவைப் பன்னிரண்டரைக்கு யார் கூட்டி வருவது? நான் நைட் போனால் அவள் விரலில் நடப்பாள், பகல் போனால் தனியாக நிற்பாள். நவம்பர் கடைசிக்கு இன்னும் எட்டு வாரம்கூட இல்லை.

தூங்காமல் இருந்து பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். நேற்று முயற்சி செய்தேன், பிரியா என்னைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள்.

12 அக்டோபர், ஞாயிறு

கௌரம்மாவிடம் போனேன். இந்தத் தடவை தரையில் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பேசியது தப்பு என்றேன். சொம்பு விஷயத்தையும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, சொல்ல வேண்டும் போல இருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

அவர் கையிலிருந்த பத்தியை உருட்டி ஓரமாக வைத்தார். அப்புறம், "அதுக்கு என்ன, மத்தியானம் நீ இந்த முன்னறையில வந்து படு. நான் பலகையத் தூக்கிட்டு மேல போறேன். எனக்கு உருட்ட எந்த இடமா இருந்தா என்ன?" என்றார்.

"சத்தம் கேக்குமேம்மா, ஊதுபத்தி வாசம் வேற."

"தூங்க வர்றியா, கொற சொல்ல வர்றியா?"

நாளைக்கே வருகிறேன் என்றேன்.

13 அக்டோபர், திங்கள்

முதல் நாள். கீழே முன்னறைக் கட்டிலில் படுத்தேன். மேலே கௌரம்மாவும் பிரியாவும். காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். ஒரு சத்தமும் இல்லை.

15 அக்டோபர், புதன்

இன்றைக்கும் இல்லை. கௌரம்மா சொல்கிறார், "கீழே அப்பா தூங்குறாரு" என்று பிரியா அவரையும் மெதுவாக நடக்கச் சொல்கிறாளாம். முன்பு பக்கத்து அறையில் இருந்தேன். இப்போது காலுக்கு அடியிலேயே போய்ப் படுத்துக்கொண்டேன். இதை வேறு யோசிக்காமல் செய்தேனே.

19 அக்டோபர், ஞாயிறு

கீழே இருந்தால் சத்தம் கேட்காது என்று பிரியாவிடம் அளந்தேன். நிரூபிக்க, அவளைக் கீழே நிறுத்திவிட்டு மேலே போய் ஒரு குதி குதித்தேன். இறங்கி வந்தால், "கேட்டுச்சு" என்கிறாள். பொய் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

அதனால் உண்மையைச் சொன்னேன். கேட்கத்தான் செய்யும், கேட்டாலும் அப்பா இனிமேல் கத்த மாட்டேன், நீ குட்டியாக இருந்தபோது சொம்பை எறிந்தது தப்பு என்றேன்.

"எந்தச் சொம்பு?" என்றாள்.

அவளுக்கும் ஞாபகம் இல்லை. பின்ன எதுக்கு இந்தக் கால் இப்பிடி நிக்குது? அன்னைக்கு நடந்ததுதான் காரணமா, டாக்டர் சொன்ன மாதிரி காரணமே இல்லாமல் வந்ததா? எனக்குத் தெரியப்போவதில்லை என்று நினைக்கிறேன். எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

3 நவம்பர், திங்கள்

மூன்று மணி இருக்கும். அரைத் தூக்கம். தலைக்கு மேலே 'தொம்' என்று ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்தேன். அப்புறம் ஒன்றுமில்லை. மேலே எல்லாம் நின்றுவிட்டது. எனக்குப் புரிந்துவிட்டது, அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். நான் கத்துகிறேனா என்று பார்க்கிறாள். தொண்டையில் இருமல் வந்தது, அடக்கினேன். புரண்டால் கட்டில் கிரீச்சிடும் என்று புரளவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு ஒரு ஷிஃப்ட் மாதிரி இருந்தது.

மறுபடி 'தொம்'. இந்தத் தடவை இடைவெளி குறைவு. அப்புறம் இன்னொன்று. ஏழு வரைக்கும் எண்ணினேன். அதற்குமேல் எண்ண முடியவில்லை. தலையணையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன், சத்தம் வந்துவிடக் கூடாதே என்று.

11 நவம்பர், செவ்வாய்

தினமும் நடக்கிறது. கௌரம்மா கோட்டுக்குப் பதில் ஊதுபத்திக் குச்சிகளை வரிசையாகப் பரப்பி வைத்துத் தாண்டச் சொல்கிறாராம். மிதித்து உடைத்தால் பிரியா தோற்றாள். ஒரு நாளைக்குப் பத்துக் குச்சியாவது போகிறது, "பரவால்ல விடு" என்கிறார். நான் நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்குவதில்லை. ராத்திரி மிஷினில் ஜாக்கிரதையாக நிற்கிறேன். மாதேவிக்குத்தான் பயம், சாப்பாட்டில் தினமும் கீரை வைக்கிறாள்.

29 நவம்பர், சனி

டாக்டர் பாதத்தை வளைத்தார். இடது கால் நன்றாக வருகிறது. வலது இன்னும் முழுசாக வரவில்லை, முன்னைக்குப் பரவாயில்லை. மாவுக்கட்டு இப்போது வேண்டாம், இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். "என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார். மாதேவி என்னைப் பார்த்தாள். "குதிச்சா, அவ்வளவுதான் சார்" என்றேன்.

முழுசாகச் சரியாகுமா? கேட்டேன். "பார்க்கலாம்" என்கிறார். டாக்டர்களுக்கு எல்லாமே பார்க்கலாம்தான்.

4 டிசம்பர், வியாழன்

இரண்டேகாலுக்கு நல்ல தூக்கத்தில் இருந்தேன். மாடிக் கதவு திறந்தது, அப்புறம் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக 'தொம் தொம்' என்று இறங்குகிற சத்தம். முன்னறைக் கதவைத் தட்டவில்லை, ஒரே தள்ளாகத் தள்ளினாள். என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்பா, எந்திரி."

விழுந்து கிழுந்து தொலைத்தாளோ என்று பதறி உட்கார்ந்தேன். "என்ன சாமி? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஸும்னே."

சும்மா எழுப்பினாளாம். பூனை விளையாட்டு ஆரம்பித்த நாளிலிருந்து என் மகள் என்னைத் தூக்கத்தில் எழுப்பியது இதுதான் முதல் தடவை. தலை விண்விண்ணென்று வலித்தது. லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் பின்னால் மேலே ஏறினேன்.